களைக்கும் பெயர் இருக்கிறது

களைக்கொல்லி விற்பவரிடம் கேட்டாலும் வேளாண் கையேட்டைப் புரட்டினாலும் களைகள் மூன்றே வகைதான்: புல், கோரை, அகன்ற இலை. தாராபுரம் பக்கம் எங்கள் காட்டில் அந்த மூன்றாவது வகைக்குள் தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, சாரணை, மூக்கிரட்டை, குப்பைமேனி, தும்பை, கீழாநெல்லி எல்லாம் அடக்கம். மருந்துக்கு எது எதுவானால் என்ன? களைக்கொத்தோடு குனிந்து நின்ற பெண்களுக்கு அப்படி இல்லை. வெட்டியதில் ஒரு பங்கு மடியில் கட்டி வீட்டுக்குப் போகும், ஒரு பங்கு எருமைக்கு. தரையோடு படரும் சாரணையும் மூக்கிரட்டையும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். எங்கள் அம்மிச்சி நடக்கிற நடையிலேயே பிரித்துச் சொல்லும்.

மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாள் அட்ரசின் அடித்துவிட்டால் முளைக்கிற களையே குறைவு. முளைக்காத செடியைக் காட்டி எந்தப் பேத்திக்கு எந்தப் பெயரைச் சொல்வது? கூலிக்கு ஆள் கிடைக்காத ஊரில் மருந்தடிக்காதே என்று உபதேசிக்க நான் வரவில்லை, நானும் அடிக்கிறவள்தான். ஆனால் செடியோடு பெயரும் போகிறது என்பதையாவது கணக்கில் வைக்க வேண்டும்.

பெயர் போனால் போகட்டும், போட்டோ எடுத்தால் செல்போனே சொல்லிவிடுமே என்கிறான் மகன். சொல்லும். ஆடுதின்னாப்பாளையைக் காட்டினால் அரிஸ்டோலோக்கியா என்று சரியாகவே சொல்லும். ஆடுகூட வாய் வைக்காது என்ற எச்சரிக்கை நம் பெயரிலேயே இருக்கிறது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பது என்று ஆய்வுக்கூடம் பின்னால் வந்து சொன்னது. இன்று வாட்ஸ்அப்பில் மூலிகை வைத்தியம் பரப்புகிறவர்கள் பெயரை மட்டும் அனுப்புகிறார்கள். செடியைக் காட்ட ஆள் இல்லை. அழகுச் செடியாக நர்சரியில் விற்கிற அமெரிக்கப் படர்கொடி ஒன்று மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கைமாறுவது இப்படித்தான். சித்த மருத்துவத்தின் ஆகாயத்தாமரை வேறு, ஏரியை அடைத்துக் கிடக்கும் வெங்காயத்தாமரை வேறு. பத்திரிகைக்காரர்களே இரண்டையும் ஒன்றாக்கிவிட்டீர்கள்.

ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறதே, எதை எழுதுவது என்று அதிகாரிகள் கேட்பார்கள். எல்லாவற்றையும்தான். எங்களுக்குச் சுக்குட்டிக்கீரை, சென்னைக்கு மணத்தக்காளி, நாகர்கோவிலுக்கு மிளகுதக்காளி. இதில் எதை வெட்டினாலும் ஒரு ஊரின் அடுப்படியை வெட்டியதாகும்.

எழுதுவதற்கு நோட்டும் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். உள்ளூர்ப் பெயர்களுக்கு அதில் இடமுண்டு. 2020 ஜனவரிக்குள் முடிக்கச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. கெடு வைத்தால் நம் அலுவலகங்களில் எப்படி வேலை நடக்கும் என்று தெரியாதா? நான் புரட்டிப் பார்த்த ஒரு பதிவேட்டில் வேம்பு, துளசி, ஆடாதோடை என்று பள்ளிக்கூடத்து மூலிகைத் தோட்டம்தான் இருந்தது. தொய்யக்கீரையைக் காணோம்.

அதைத் திரும்ப எழுத வேண்டும், அதுவும் கோடையில் கூட்டம் போட்டு அல்ல. கார்த்திகை மழைக்குப் பிறகு, களை முழங்கால் உயரம் நிற்கும்போது காட்டுக்குள் போக வேண்டும். பழைய களைவெட்டுக்காரிகள் நாலு பேரை முன்னே நடக்க விட்டு, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும். தாவரவியல் படித்த பிள்ளை ஒருத்தி செடியை அழுத்தி உலர்த்தி, அறிவியல் பெயரைப் பக்கத்தில் சேர்க்கட்டும். முன்னே நடந்த அம்மாக்களுக்குத் தேநீரும் பொன்னாடையும் போதாது. அன்றைய களைவெட்டுக் கூலியை முழுசாகக் கொடுத்துவிடுங்கள்.