பழைய கணனிக்குப் புதிய மின்சாரம்



ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு ஜமாஅத்தின் நிர்வாகிகள் சில மாதங்களுக்கு முன் என்னைத் தேடி வந்தனர். பள்ளிவாசல் அலுமாரிக்குள் துணி போர்த்திக் கிடந்த பழைய கணனி ஒன்றைப் பற்றியே பேச்சு. தொண்ணூறுகளின் நடுவில் வாங்கியது. அநாதைப் பிள்ளைகளின் நிதிக்கணக்கு அதற்குள்ளேதான் இருக்கிறது. காகிதப் பதிவேடுகளை மலைநாட்டு ஈரமும் கறையானும் தின்றுவிட்டன. தன் வாப்பா விட்டுச்சென்ற பணத்தில் எவ்வளவு அந்த நிதியில் சேர்ந்தது, எவ்வளவு தனக்குச் செலவானது என்று கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். அன்று அவர் சிறு பிள்ளை. இன்று அவருக்கே பிள்ளைகள் உண்டு. அவர் கேட்பது நியாயம். பதில் சொல்வது அமானிதம்.

ஆனால் நிர்வாகிகள் ஆவலில் ஒரு தவறு செய்துவிட்டனர். இருபது வருடம் தூங்கிய பெட்டியை நேரே பிளக்கில் மாட்டி சுவிச்சைப் போட்டார்கள். ‘டப்’ என்றொரு சத்தம், கருகல் வாடை. பவர் சப்ளை போய்விட்டது. நீண்ட காலம் சும்மா கிடந்தால் அதிலுள்ள கெப்பாசிட்டர்கள் கெட்டுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

“ஹஸ்ரத், புதிய பவர் சப்ளை கடையில் கிடைக்கிறது. ஒரே நிற வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் போதும்” என்றார், திருத்துவதற்கு வந்த தம்பி. என்னிடம் ஓதிய பிள்ளை, கெட்டிக்காரர். ஆயினும், “கொஞ்சம் பொறுங்கள் தம்பி” என்றேன். மத்ரஸாவின் வினாத்தாள்களை இதே வகைக் கணனியில்தான் பல வருடம் தயாரித்தேன். அதன் குணம் ஓரளவு தெரியும்.

பழைய கணனிகளின் முறைக்கு ‘ஏடி’ என்று பெயர், 1984இல் ஐ.பி.எம். வெளியிட்ட கணனியிலிருந்து வந்தது. இன்றைய ‘ஏடிஎக்ஸ்’ முறையை இன்டெல் நிறுவனம் 1995இல் அறிமுகம் செய்தது. இரண்டிலும் சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு பூமி. இதுவரை ஒற்றுமை. செம்மஞ்சளில்தான் பொறி இருக்கிறது. பழையதில் அது, “மின்சாரம் சீராகிவிட்டது, இனி வேலையைத் தொடங்கலாம்” என்று பலகைக்குச் சொல்லும் சைகை வயர். புதியதில் அதே நிறம் 3.3 வோல்ட் மின்சாரம். சைகை சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டது. நிறத்தை நம்பி முறுக்கியிருந்தால்?

ஆகவே வயரை முறுக்காமல், இரு முறைகளையும் இணைக்கும் அடப்டர் வயர் ஒன்றை வாங்கச் சொன்னோம். அதன் மறுமுனையில் ஆறு ஆறு முனைகள் கொண்ட இரண்டு பிளக்குகள் இருக்கும். இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் பக்கத்தில் பக்கமாக வரவேண்டும். மாறிப் போட்டால் பலகை கருகிவிடக்கூடும். பழையதிலிருந்த கழித்தல் 5 வோல்ட் இன்றைய சப்ளைகளில் இல்லை. அந்தக் காலத்துச் சில ஒலி அட்டைகளைத் தவிர, இவ்வகைக் கணனிகளில் அதை அநேகமாக எதுவும் கேட்பதில்லை.

உயிருக்கு ஆபத்தானது இன்னொன்று. பழைய கணனியின் முன்பக்க சுவிச்சுக்கு வீட்டு மின்சாரமான 230 வோல்ட் நேரடியாக வருகிறது. புதிய சப்ளையோ, பச்சை வயரைக் கறுப்புடன் சேர்த்தாலே விழித்துக்கொள்ளும். அதே சுவிச்சை இதற்குப் பயன்படுத்தலாம். ஆனால் பழைய வயர்களை முழுமையாக அகற்றிய பிறகுதான். பழுதான சப்ளையின் பெட்டியையும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்பும் உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

லக்ஷபான நீர்மின் திட்டம் 1950இல் இயங்கத் தொடங்கியது. அதைக் கனவு கண்டவர் பொறியியலாளர் விமலசுரேந்திர. எங்கள் மலைத் தண்ணீர் கொழும்புக்கு வெளிச்சம் கொடுத்தபோது, பல லயங்களில் அதன் பிறகும் பல வருடம் குப்பி லாம்புதான் எரிந்தது. தாமதமாக வந்த கரண்டின் அருமை நமக்குத் தெரியும். அதன் ஆபத்தும் தெரிந்திருக்க வேண்டும். இடி மின்னல் காலத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

சப்ளையை மாட்டுமுன் பலகையிலிருந்த சிறிய பட்டரி கசிந்து பச்சை பூத்திருப்பதைத் தம்பி கண்டு அகற்றினார். பட்டரி இல்லாததால் கணனி தன் ஹார்ட் டிஸ்க்கையே மறந்திருந்தது. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த தாளிலுள்ள எண்களைப் பார்த்துக் கொடுத்ததும் அது இயங்கியது. டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு கணனியில் படிக்க முடியாதா என்று கேட்பீர்கள். பல டிஸ்க்குகளில் முடியும். ஆனால் அன்றைய தமிழ் எழுத்துரு இன்றைய யூனிகோட் அல்ல. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் வெறும் கிறுக்கலாகவே தெரியும்.

அன்று மாலையே கணக்கு முழுவதையும் அச்செடுத்தோம். கேட்டவர் தன் பெயர் இருந்த பக்கத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதுவும் பேசவில்லை.

உங்கள் ஊர்ப் பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் இப்படியொரு பெட்டி தூங்கிக்கொண்டிருக்கலாம். தயவுசெய்து சுவிச்சைப் போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் தெரிந்த ஒருவரை அழையுங்கள்.