தண்ணீரிலும் மேல்ஜாதி கீழ்ஜாதியா?

அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தைச் சேர்ந்த ஆர்லாண்டோ நகரில், யூனிவர்சல் கம்பெனியார் 2017-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி "வால்கேனோ பே" என்னும் நீர் விளையாட்டுப் பூங்காவைத் திறந்தார்கள். 200 அடி உயரத்தில் செயற்கை எரிமலை, அதற்குள்ளிருந்து மனிதனை 125 அடி கீழே விழச் செய்யும் சறுக்குக் குழாய், அலையடிக்கும் குளம், வெண்மணல் என்று ஏற்பாடுகள் எல்லாம் பிரமாதம். இவ்வளவும் போதாதென்று, உலகத்தில் எங்குமே இல்லாத "வட்டூரி" என்ற ஒரு தீவு மக்களைக் கற்பித்து, அவர்களுக்கு ஒரு ஸ்தல புராணத்தையும் எழுதி வைத்தார்கள். புராணம் எழுதியது வியாபாரத்துக்காகத்தான் என்பதை அந்தக் கம்பெனியார் மறைக்கவில்லை. அந்த அளவுக்கு நம் நாட்டுப் புராணிகர்களைவிட அவர்கள் யோக்கியர்களே என்போம்.

நிற்க, அப்பூங்காவைப் பற்றி அவர்கள் செய்த பெரிய விளம்பரம் வேறு. வரிசையில் கால்கடுக்க நிற்கும் தொல்லை இங்கே கிடையாது என்றார்கள். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் கையில் ஒரு பட்டை கட்டப்படும். விளையாட வேண்டிய சறுக்கின் முன்னுள்ள கம்பத்தில் அதைத் தட்டிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போய்க் குளிக்கலாம். முறை வந்ததும் பட்டையே சொல்லும் என்றார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடந்ததென்ன? திறந்த முதற் பருவத்தில், கூட்டம் மிகுந்த நாட்களில், பெரிய சறுக்குகளுக்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டுமென்று அப்பட்டையே காட்டிற்று. ஒரு சறுக்குக்குப் பதிவு செய்துகொண்டவர் அது முடியும்வரை இன்னொன்றுக்குப் பதிவு செய்துகொள்ளவும் முடியாது. சில நாட்களில் இடம் நிறைந்துவிட்டதென்று வாயிலையே மூடி, பின்னால் வந்தவர்களை வெளியே நிறுத்தினார்கள்.

இதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. பட்டை கட்டுவதால் சறுக்கின் வேகம் கூடிவிடுமா? ஒரு சறுக்கு மணிக்கு 400 பேரை இறக்குகிறதென்று வைத்துக்கொள்வோம். அதற்கு 1,200 பேர் காத்திருந்தால், கடைசி ஆளுக்கு 3 மணி நேரம் ஆகும். அவர் காலால் நின்றாலும் சரி, நாற்காலியில் சாய்ந்தாலும் சரி, அந்த 3 மணி நேரம் 3 மணி நேரமேயாகும். கண்ணுக்குத் தெரிந்த வரிசை கண்ணுக்குத் தெரியாத வரிசையாக ஆயிற்றே யொழிய, வரிசை ஒழிந்துவிடவில்லை. வரிசையில் நின்றிருக்க வேண்டிய அத்தனை பேரும் குளத்திலும் நடைபாதையிலும் சிற்றுண்டிக் கடையிலும் வந்து குவிந்தார்கள். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டி ஜனங்களைத் திருப்திப்படுத்துவது எந்த நாட்டிலும் பழைய வித்தைதான்.

இதுவரை சொன்னதைக் கணக்குத் தப்பு என்று விட்டுவிடலாம். நாம் கண்டிக்க வந்தது வேறு. அதே கம்பெனியார் பிறகு அப்பூங்காவில் "எக்ஸ்பிரஸ்" என்ற ஒரு சீட்டை, நுழைவுச் சீட்டுக்குமேல் தனியாக, விற்க ஆரம்பித்தார்கள். அதை வாங்கியவர் காத்திருப்பவர்களைத் தாண்டிக்கொண்டு போகலாம். கம்பெனியாரின் சொந்த ஓட்டல்களில் தங்கியவர்கள் மற்றவர்களுக்கு முன்பாகவே உள்ளே போகலாம். நிழலும் பூட்டுப்பெட்டியும் உள்ள சாய்வு நாற்காலிக்குத் தனிப் பணம். தனிக் குடிசைக்கு அதற்கு மேலும் பணம். ஆகவே ஒரே குளத்தில் எத்தனை வருணங்கள் என்று பாருங்கள்! குடிசைக்காரர், எக்ஸ்பிரஸ்காரர், ஓட்டல்காரர், வெறும் சீட்டுக்காரர், இவர்களுக்கெல்லாம் கீழே வாயிலுக்கு வெளியே நிற்கும் பஞ்சமர்!

"அதிகப் பணம் கொடுத்தவன் அதிக சுகம் அனுபவிக்கிறான், இதில் என்ன அநியாயம்?" என்று சில பண்டிதர்கள் கேட்பார்கள். ரயிலில் முதல் வகுப்பில்லையா என்பார்கள். ரயிலில் முதல் வகுப்புக்காரன் மெத்தையில் உட்கார்ந்தாலும், மூன்றாம் வகுப்பில் போனவனைவிட ஒரு நிமிஷம்கூட முன்னால் ஊர்போய்ச் சேர்ந்ததில்லை. இங்கேயோ விற்கப்படுவது மெத்தை அல்ல, மற்றவனுடைய முறை. முன்சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு இறங்கும் 400 பேரில் 200 இடத்தை எக்ஸ்பிரஸ்காரர்களுக்கு ஒதுக்கினால், மீதியுள்ள 1,200 பேரில் கடைசி ஆளுக்கு 3 மணி நேரம் 6 மணி நேரமாகிவிடும். அந்த 3 மணி நேரத்தை அவனிடமிருந்து எடுத்து இன்னொருவனுக்கு விற்றவர் கம்பெனியார். பணத்தை வாங்கிக்கொண்டவரும் கம்பெனியார். இழந்தவனுக்கோ ஒரு காசும் இல்லை. அவனும் வாயிலில் முழுப்பணம் கொடுத்து வந்தவன்தானே? ஒருவன் சொத்தை அவனைக் கேளாமல் இன்னொருவனுக்கு விற்பதற்கு நம் ஊரில் பெயர் என்ன?

அன்றியும், இந்த வியாபாரத்தில் இன்னொரு விபரீதமும் உண்டு. காத்திருக்கும் நேரம் குறைந்தால் எக்ஸ்பிரஸ் சீட்டை எவன் வாங்குவான்? கூட்டம் நெருக்கினால்தான் அந்தச் சீட்டுக்கு மதிப்பு. ஆகவே கூட்டத்தைக் குறைக்க வேண்டியவருக்கே கூட்டத்தில் லாபம் என்றாகிறது. நோய் தீராமலிருந்தால்தான் பிழைக்கக்கூடிய வைத்தியரிடம் நோயாளியை ஒப்படைத்த கதைதான் இது.

இவ்வழியில் போனால் முடிவு எங்கே என்பதற்கு வேறொரு பெரிய கம்பெனியே சாட்சி. டிஸ்னி கம்பெனியார் தங்கள் பூங்காக்களில் 1999-ல் "பாஸ்ட் பாஸ்" என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அது எல்லாருக்கும் இலவசம். 2021-ல் அதை எடுத்துவிட்டு, அதே வசதிக்குப் பணம் கேட்டார்கள். 2024-ல் அதற்கு மேலும் ஓர் உயர்ந்த சீட்டை ஏற்படுத்தி, புளோரிடாவில் ஒரு பூங்காவில் ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 449 டாலர் வரை விலை வைத்தார்கள். இது நுழைவுச் சீட்டுக்கு மேல் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இனி, குளிக்குமிடத்தில் இன்னார் முன், இன்னார் பின், இன்னார் வெளியே என்பது அந்த மண்ணுக்குப் புதிதா? அதே புளோரிடா மாகாணத்தில் செயின்ட் அகஸ்டின் என்னும் ஊரில், 1964-ம் வருஷம் ஜூன் 18-ந் தேதி, ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் கருப்பரும் வெள்ளையருமான கிளர்ச்சிக்காரர் ஒன்றாய் இறங்கினார்கள். விடுதிக்காரர் என்ன செய்தார்? ஆட்கள் தண்ணீரில் இருக்கும்போதே அமிலத்தைக் கொண்டுவந்து குளத்தில் ஊற்றினார். அந்தப் படம் உலகமெல்லாம் பரவிற்று. அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஜூலை 2-ந் தேதி, பொது இடங்களில் நிற வேற்றுமை கூடாதென்ற சட்டம் கையெழுத்தாயிற்று.

சட்டம் வந்ததும் சும்மா இருந்தார்களா? அர்க்கன்சாஸ் மாகாணத்தில் லேக் நிக்சன் என்ற நீர் விளையாட்டு இடத்தார், "இது பொது இடமல்ல, அங்கத்தினர் கிளப்" என்று சொல்லி, 25 சென்டுக்கு ஒரு அங்கத்தினர் சீட்டு ஏற்படுத்தினார்கள். வெள்ளையர் யார் கேட்டாலும் சீட்டு உண்டு. கருப்பர் கேட்டால் இல்லை. 1969-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்தப் பித்தலாட்டத்தை உடைத்தது. மிசிசிப்பி மாகாணத்து ஜாக்சன் நகரத்தாரோ, கருப்பரோடு சேர்ந்து குளிப்பதைவிடக் குளமே இல்லாமலிருப்பது மேலென்று நகரசபைக் குளங்களை மூடினார்கள். 1971-ல் அதே நீதிமன்றம், 5 நீதிபதிகள் ஒரு பக்கம் 4 பேர் மறுபக்கமாக, அது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

எக்ஸ்பிரஸ் சீட்டும் அமிலமும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. பணம் நிறம் பார்ப்பதில்லை என்பதும் வாஸ்தவமே. ஆனால் பொதுக்குளங்கள் மூடப்பட்ட ஊரில் ஏழைக் குழந்தை எங்கே நீந்தும்? பணம் கொடுத்துப் போகும் குளந்தான் மிச்சம். அங்கும் அது கடைசி வரிசை என்றால், பிறப்பு செய்த வேலையைப் பணம் செய்கிறது என்றுதானே அர்த்தம்?

இதிலே வேடிக்கை என்னவென்றால், அப்பூங்காவில் கையில் கட்டிய பட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் "டாபு டாபு". பாலினீசியத் தீவு மக்களின் பாஷையில் "டாபு" என்றால் புனிதமானது, தொடக்கூடாதது, விலக்கப்பட்டது என்று பொருள். 1777-ல் கேப்டன் குக் என்ற மாலுமி டோங்கா தீவில் அதைக் கேட்டு எழுதி வைத்ததிலிருந்துதான் இங்கிலீஷில் "டாபூ" என்ற சொல்லே வந்தது. நம் பாஷையில் சொன்னால் தீட்டு! தட்டுவதைக் குறிக்க விளையாட்டாய் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தமாய் அமைந்துவிட்டது பார்த்தீர்களா?

நாம் விளையாட்டுக்கு விரோதிகளல்ல. உழைத்துக் களைத்தவன் பெண்டு பிள்ளைகளோடு ஒரு நாள் தண்ணீரில் குதித்துச் சிரிப்பது, நூறு புண்ணிய தீர்த்தத்தில் முழுகுவதைவிட மேலென்பது நமதபிப்பிராயம். நடக்க முடியாதவருக்கும் நோயாளிக்கும் முறை தாண்டி இடம் கொடுப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை; அது தேவைக்குக் கொடுக்கும் மரியாதை. மற்றப்படி செய்ய வேண்டியது மிகச் சுலபம். சறுக்குகள் ஒரு நாளில் எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை சீட்டு மட்டுமே விற்கட்டும். அந்த எண்ணிக்கையை வாயிலில் எழுதி வைக்கட்டும். சீட்டு வாங்கியும் உள்ளே இடமில்லாதவனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும். உள்ளே வந்தபின் எல்லாருக்கும் ஒரே வரிசை இருக்கட்டும். சர்க்காரும் நகரசபைகளும் பணமில்லாதவனுக்காகப் பொதுக்குளங்களைத் திறந்து வைக்கட்டும்.

இதனால் லாபம் குறையும் என்பார்கள். குறையட்டும். ஒருவன் முறையைப் பிடுங்கி விற்றால்தான் வருகிற லாபம், வராமற் போனால் அதனால் கெட்டுப்போகிறவர் யார்?