கைக்கும் வேண்டும் சோப்பு

நோயாளிகளைக் காண வருவோர் ஹார்லிக்ஸ் புட்டியும் சாத்துக்குடியும் கொண்டு வருகின்றனர். திருவரங்கத்திலிருந்து வருவோர் கையில் பிரசாதமும் இருக்கும். அவற்றைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. ஆயினும் நோயாளியின் கட்டிலருகே மிகுதியாகத் தேவைப்படுவதும் அரிதாகக் கண்ணில் படுவதும் 10 ரூபாய்ச் சோப்புக் கட்டியே.

சோப்பு நம்மிடம் வந்து சேர்ந்த வழியும் இதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறோம். தூய்மை நமக்குப் புதிதன்று. காவிரிப் படித்துறையில் துணிக்கு உவர்மண். தலைக்குச் சீயக்காயும் அரப்பும். பட்டுக்கும் நகைக்கும் பூந்திக்கொட்டை. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சபோனின் என்னும் பொருளே நுரைத்து, எண்ணெய்ப் பிசுக்கை நீரோடு போக்கிற்று. 1888-இல் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கிய சன்லைட் சோப்பு துணி வெளுப்பதற்கானது. முதல் உலகப் போரினால் ஏற்றுமதியின்றித் தேங்கிய சந்தனத்தைக் கொண்டு, 1916-இல் மைசூர் அரசு பெங்களூரில் ஆலை கண்டது. அந்தச் சோப்பு மேனிக்கும் மணத்துக்கும் ஆனது. லைஃப்பாய் மட்டுமே நோய்க்கிருமியைப் பற்றிப் பேசியது. அதையும் நாம் குளியலறைக்கே அனுப்பிவிட்டோம்!

கையின் பொறுப்பை மருத்துவ உலகமும் பிந்தியே உணர்ந்தது. வியன்னா நகர மருத்துவமனையில், பிணப் பரிசோதனை முடித்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்த்து வந்தனர். 1847-இல் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், அவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் செய்தார். 1846-இல் அப்பிரிவில் தாய்மார்களில் 100-க்கு 11 பேர் இறந்தனர். 1848-இல் அது ஏறத்தாழ ஒருவராகக் குறைந்தது. அப்படியும் சக மருத்துவர் பலர் அவரை ஏற்கவில்லை. தம் கை அழுக்கு என்று பிறர் சொல்லக் கேட்பது அவர்களுக்கு இழிவாகத் தோன்றியது போலும்.

இன்று அந்தக் கூச்சம் நோயாளியிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 'கை கழுவினீர்களா, டாக்டர்?' என்று கேட்க நம்மவர் அஞ்சுகின்றனர். தயங்காது கேளுங்கள்; செவிலியரையும் கேளுங்கள். அதனை நாங்கள் மரியாதைக் குறைவாக எண்ண மாட்டோம், எண்ணவும் கூடாது.

வாயிலில் உள்ள சானிடைசர் போதாதா என்று வினவுவோர் உண்டு. கையில் அழுக்குப் படிந்திருந்தால் அது போதாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளில் சில அதற்கு அடங்குவதுமில்லை. சோப்பு நுரையால் விரலிடுக்கும் நகக்கண்ணும் படுமாறு 20 நொடி தேய்த்து, ஓடும் நீரில் கழுவினால் அவை வழுக்கிக் கொண்டு போய்விடும். கழுவிய ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நோயாளிக்குக் கஞ்சி ஊட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுதல் நலம். சோப்பைத் தண்ணீர் தேங்கும் டப்பாவில் ஊறவிடாமல் துளையுள்ள பெட்டியில் வையுங்கள். ஒரு கட்டி நெடுநாள் வரும்.