ஈஸ்திரஜன் இல்லாமல் ஆண்மை இல்லை: ஒரு சின்ன மீன் சொல்லும் கதை

ஒரு பெடியன் மெதுவாகக் கதைத்தால், சண்டைக்குப் போகாமல் நின்றால், "உனக்குப் பெண் ஓமோன் கூடிப்போச்சு" என்று பகிடி பண்ண ஒரு கூட்டம் எப்பவும் இருக்கும். ஜிம் பக்கம் போனால் டெஸ்டொஸ்டெரோன் கதைதான்: இதைச் சாப்பிட்டால் ஏறும், அதைத் தின்றால் இறங்கும், சோயா மீற் தொடவே கூடாது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கணக்கு. டெஸ்டொஸ்டெரோன் கூடினால் ஆண்மை கூடும், ஈஸ்திரஜன் கூடினால் குறையும். இந்தக் கணக்கைக் குழப்ப மூன்று நாலு சென்ரிமீற்றர் மீன் ஒன்றே போதும்.

மெடாக்கா யப்பானின் வயல் நீரில் வாழ்கிற மீன். காலையில் வெளிச்சம் பட்டதும் ஆண் மீன் பெண்ணின் பின்னால் போகும். முன்னுக்கு வந்து சட்டென்று ஒரு வட்டம் அடித்துக் காட்டும். பெண் விலகாவிட்டால் செட்டைகளால் அணைத்துக்கொள்ளும். பிறகு முட்டையும் விந்தும் வெளிவரும். ஒழுங்கு மாறாத ஆட்டம் என்பதால் எதற்கு எவ்வளவு நேரம் எடுக்குது என்று ஆய்வுகூடத்தில் அளந்துவிடலாம்.

இப்ப மூளைக்குள் போவோம். விதையில் சுரக்கிற டெஸ்டொஸ்டெரோன் இரத்தத்தோடு மூளைக்கு வருகிறது. அங்கே அரோமற்றேஸ் என்கிற நொதியம் அதில் ஒரு பங்கை ஈஸ்திரஜனாக மாற்றுகிறது. எங்கட மூளையிலும் இது நடக்கிறதுதான், ஆனால் மீன் மூளையில் இந்த நொதியம் கனக்க. இதற்கான பரம்பரையலகும் மெடாக்காவில் இரண்டு: ஒன்று முக்கியமாகச் சூலகத்துக்கு, மற்றது மூளைக்கு. ஆகவே மூளையின் மாற்றத்தை மட்டும் தனியாக நிற்பாட்டிப் பார்க்க முடியும்.

தோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். மாறாமல் போன டெஸ்டொஸ்டெரோன் மூளையில் தேங்கியது. ஜிம் கணக்குப்படி இந்த மீன்கள் சிங்கம் மாதிரி நிற்க வேண்டும். நடந்தது வேறு. பெண்ணை நாடுவது குறைந்தது, மற்ற ஆண்களோடு மோதுவதும் குறைந்தது. ஈஸ்திரஜன் கொடுத்தபோது இரண்டும் திரும்பி வந்தன.

காரணம் வடிவானது. ஓமோன் தனியே வேலை செய்யாது, அதைப் பிடிக்க ஒரு வாங்கி வேண்டும். ஆண் நடத்தையோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளில் டெஸ்டொஸ்டெரோன் வகை ஓமோன்களுக்கான வாங்கியைப் போதியளவு உண்டாக்க வைப்பதே ஈஸ்திரஜன்தான். வாங்கி குறைந்தால் வாசலில் எவ்வளவு டெஸ்டொஸ்டெரோன் குவிந்தாலும் கதவு திறக்காது.

இன்னொரு திருப்பமும் இருக்கு. அதே ஆய்வுக்குழு 2021இல், ஈஸ்திரஜன் வாங்கிகளில் ஒன்று இல்லாத பெண் மெடாக்காக்களைப் பற்றி எழுதியது. அவை ஆண்களை ஏற்கவில்லை. மற்றப் பெண்களிடம் போய் ஆண் மீன் மாதிரி ஆடின. பெண் மூளையில் ஆண் ஆட்டத்தை அடக்கி வைக்கிற மூலக்கூறு, ஆண் மூளையில் அதே ஆட்டத்துக்குத் துணை நிற்கிறது. இதற்கு 'பெண் ஓமோன்' என்று பெயர் வைத்து என்ன பிரயோசனம்?

1934இலேயே பேர்னாட் சொண்டெக், ஆண் குதிரையின் சிறுநீரில் ஈஸ்திரஜன் கொட்டிக் கிடப்பதைக் கண்டு எழுதினார். ஆனாலும் நாங்கள் விதைக்கு ஒன்று, சூலகத்துக்கு ஒன்று என்று பாடமாக்கிச் சோதனை எழுதுகிறோம். ஒன்று மற்றதாக மாறும் என்ற ஒரு வரியைச் சேர்த்தால் பாடம் ஒன்றும் பாரமாகிவிடாது.

மீனைக் காட்டி மனிதருக்குத் தீர்ப்பு எழுதவும் கூடாது. எங்கட ஆசையும் வெட்கமும் காலை வட்ட ஆட்டம் இல்லை. மனிதரைப் பற்றிக் கதைக்க மனித ஆதாரம் வேண்டும், அதுவும் இருக்கு. 1994இல், ஈஸ்திரஜன் வாங்கி வேலை செய்யாத 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி வைத்தியர்கள் எழுதினார்கள். தோற்றத்தில் முழு ஆண். ஆனால் எலும்பு முனைகள் மூடவில்லை, அந்த வயதிலும் உயர்ந்துகொண்டே இருந்தார், எலும்பின் அடர்த்தியோ குறைந்துபோயிருந்தது. ஆணின் எலும்புக்கும் ஈஸ்திரஜன் வேண்டும்.

சோயா மீற்றைப் பொறுத்தவரை, பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள் அதனால் ஆண்களின் டெஸ்டொஸ்டெரோன் குறைவதாகக் காணவில்லை. பயப்படாமல் பிரட்டிச் சாப்பிடலாம்.