ஜாரிங் என்றால் மட்டம் என்று யார் சொன்னது?

நம்ம வகுப்பு மக்களுக்கு ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது. 'ஜாரிங்'. படம் பிடிக்கவில்லையா, ஜாரிங். மெஸ் சாம்பார், ஜாரிங். நேற்று ஒருத்தன் பரீட்சை டைம்டேபிளையே ஜாரிங் என்றான். அடேய்!

சும்மா விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் என் ஆங்கிலக் கட்டுரையில் 'சித்தி' என்று எழுதிய இடத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில் இதே வார்த்தை. இரண்டு மார்க் காலி.

ஆங்கிலத்தில் 'ஜார்' என்ற வினைச்சொல் முதலில் காதுக்கு ஆகாத கரகர சத்தத்தைக் குறித்தது. (ஊறுகாய் ஜார் வேறு. அது அரபியில் இருந்து பிரெஞ்சு வழியாக வந்தது.) அதை மட்டும் பிடித்துக்கொண்டு 'நாராசம்' என்று பொருள் சொன்னால் பாதிக் கிணறுதான். எதுவும் தனியாக நின்று ஜாரிங் ஆக முடியாது, பக்கத்தில் இன்னொன்று வேண்டும். வாசலில் கிடக்கிற கல்லை யாராவது திட்டுகிறோமா? அதே கல் சோற்றில் கடிபட்டால்? அது ஜாரிங். தமிழில் 'நெருடல்' என்பது ரொம்பப் பக்கத்தில் வரும். டைட்டிலில் இருந்து கடைசிவரை காதைக் கிழிக்கிற பின்னணி இசை ஜாரிங் இல்லை, வெறும் இரைச்சல்.

பாரிஸைப் பாருங்கள். 1973-ல் திறந்த மோன்பர்னாஸ் கோபுரம் 210 மீட்டர். சிகாகோவில் நின்றிருந்தால் ஒருத்தரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். தாழ்வான கல் கட்டடங்களுக்கு நடுவே கறுப்பாக நின்றதால் வந்த வினை, 1977-ல் நகருக்குள் 37 மீட்டர் என்று உயர வரம்பே போட்டுவிட்டார்கள்.

அதே ஊரில் லூவர் அரண்மனை முற்றத்தில் 1989-ல் ஐ.எம்.பெய் கட்டிய கண்ணாடிப் பிரமிடு. அதற்கும் செம திட்டு விழுந்தது. இன்று அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கக் கூட்டம். கல்லும் கண்ணாடியும் அப்படியேதான் இருக்கின்றன, முரண் ஒரு இன்ச் குறையவில்லை. பலருக்கு உறுத்தல் மட்டும் போய்விட்டது. அப்படியானால் உறுத்தல் பாதி பார்க்கிறவர் கண்ணில்தானே இருந்தது?

என் சித்திக்கு வருகிறேன். 'ஆன்ட்டி' என்று எழுதியிருந்தால் வழுக்கிக்கொண்டு போயிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மாவின் தங்கையா, அப்பாவின் அக்காவா, எதிர்வீட்டு மாமியா என்று அந்த வார்த்தைக்குத் தெரியாது. என் கட்டுரையே அந்த உறவைப் பற்றியதுதான்!

அடுத்த கட்டுரையிலும் சித்தி வருவாங்க. வட்டம் போடுங்கள் சார், வேண்டாம் என்று சொல்லவில்லை. எதோடு ஒட்டவில்லை, யார் காதுக்கு ஒட்டவில்லை என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.