வாகன கண்டம்

ரோட்டில் ஒரு கார் மோதி ஒரு குடும்பம் சீரழிந்து போய்விட்டது என்றால், நம் ஜனங்கள் முதலில் கேட்கின்ற கேள்வி என்ன? வண்டி ஓட்டினவன் அந்த நேரத்தில் எங்கே பார்த்துக் கொண்டிருந்தான் என்பதா? இல்லவே இல்லை. "அவருக்கு இப்போது என்ன தசை நடக்கிறது? ஏழரையா, அஷ்டமமா? ஜோசியர் வாகன கண்டம் என்று முன்னமே சொன்னாராமே!" என்பதுதான் சாவு வீட்டுத் திண்ணையில் நடக்கும் விசாரணையாய் இருக்கின்றது. கண்டம் என்கின்ற சொல்லுக்குக் கழுத்து என்றும் ஒரு பொருள் உண்டு. சிவனுக்கு நீலகண்டன் என்று பெயர் வைத்தவர்களுக்கு இது தெரியாத சங்கதியல்ல. நாம் இன்று பேசப் போவது அந்தக் கண்டத்தைப் பற்றித்தான். ஜாதகக் கட்டத்தில் இருக்கின்ற கண்டத்தை நாம் கண்டதில்லை. தலைக்கும் தோளுக்கும் நடுவே ஏழு சிறிய எலும்புகளை அடுக்கி வைத்தாற்போல் இருக்கின்ற கண்டத்தை யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.

பச்சைமலை அடிவாரத்திலுள்ள பூலாம்பாடியிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் மலேசியா, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போனவர்கள் பலர். போகிறவரை வழியனுப்பவும் வருகிறவரை அழைத்துவரவும், பெரம்பலூர், சிறுவாச்சூர், பாடாலூர் வழியாகத் திருச்சி விமான நிலையத்துக்கு வாடகைக் கார்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. நாலைந்து வருஷம் உழைத்துச் சம்பாதித்துக்கொண்டு வருகிற பிள்ளை, ஆகாயத்தில் ஆயிரக்கணக்கான மைல் ஆபத்தில்லாமல் வந்து இறங்கி, கடைசி நூறு கிலோமீட்டருக்குள் ரோட்டில் அடிபடுவானானால் அதைவிடக் கொடுமை வேறென்ன இருக்க முடியும்?

இந்தக் கொடுமையைத் தடுக்க நம்மவர்கள் செய்து வைத்திருக்கின்ற ஏற்பாடுகளைப் பார்ப்போம். புது வண்டி வாங்கினவுடன் அதைச் சிறுவாச்சூர் காளிக்கோ சமயபுரம் மாரிக்கோ கொண்டுபோய் நிறுத்துகின்றார்கள். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகின்றார்கள். முன்புறத்தில் மிளகாயும் எலுமிச்சையும் கோத்துத் தொங்க விடுகின்றார்கள். ஆயுத பூஜைக்கும் அமாவாசைக்கும் பூசணிக்காயை நடு ரோட்டில் போட்டு உடைக்கின்றார்கள். அந்தப் பூசணிக்காயின் சதையில் சக்கரம் வழுக்கி, பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் விழுகின்றான். தன் திருஷ்டியைக் கழித்தவன் அதை அடுத்தவன் மண்டையில் போட்டுவிட்டுப் போகின்றான் என்றுதானே இதற்கு அர்த்தம்?

இதோடு நின்றதா? காருக்குள்ளே பாருங்கள். முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு மாலையும், அதற்குமேல் ஒரு கயிறும், அதில் ஒரு படமும் ஊசலாடிக் கொண்டே இருக்கின்றன. ஓட்டுகிறவன் கண் ரோட்டைப் பார்ப்பதா, ஊசலைப் பார்ப்பதா? முன்பலகையின்மேல் பிள்ளையார் ஒருவர் ஒட்டப்பட்டு வீற்றிருக்கிறார். அவர் வீற்றிருக்கும் இடம் பல கார்களில் என்ன இடம் தெரியுமா? மோதின மாத்திரத்தில் கண் இமைப்பதற்குள் வெடித்துப் புறப்பட்டு, முன் சீட்டில் இருப்பவரைத் தாங்க வேண்டிய காற்றுப்பை மடித்து வைத்திருக்கின்ற இடம். அந்த மூடியின்மேல் கல்லிலோ பித்தளையிலோ ஆன ஒரு பொம்மையை ஒட்டி வைத்தால், பை புறப்படும்போது பொம்மை துப்பாக்கிக் குண்டைப்போல எதிரே இருப்பவர் முகத்துக்குத்தான் வரும். காப்பாற்ற வைத்த சாமி, காப்பாற்ற வருகின்ற கருவிக்குக் குறுக்கே நிற்கின்றது!

ஆனால் தோழர்களே, இவைகளையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கின்றது. அது ஓட்டுகிறவன் சட்டைப்பையிலும் கையிலும் இருக்கின்ற செல்போன்.

மகன் கிளம்பும்போது கையில் கறுப்புக் கயிறு கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, "ஆத்தா துணை" என்று அனுப்புகின்ற அதே தாயார், கார் பெரம்பலூர் தாண்டுவதற்குள் போன் போட்டு, "எங்கே வர்றே? சாப்பிட்டியா?" என்று கேட்கின்றார். பத்து நிமிஷம் கழித்து மாமன் கேட்கின்றார். பிறகு மச்சினன் முகம் பார்த்துப் பேச வேண்டுமென்கின்றான். கயிறு கட்டிய கைதான் அந்தப் பிள்ளையின் கண்ணை ரோட்டிலிருந்து பிடுங்குகின்றது. அன்பினாலேயே ஆபத்தை உண்டாக்குகிறோமே என்று அந்தத் தாயாருக்கு எடுத்துச் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. பரிகாரம் சொல்ல மட்டும் தெருவுக்கொரு ஜோசியன் இருக்கின்றான். வாடகைக் கார் ஓட்டுகிற தோழர்களின் பாடோ இன்னும் மோசம். முதலாளி கூப்பிட்டு எடுக்காவிட்டால் வேலை போய்விடும். எடுத்தால் உயிர் போனாலும் போகும். பின் சீட்டில் சாய்ந்திருக்கின்ற பெரிய மனிதர் "அட, யாரென்று பாரப்பா" என்று உத்தரவு போட்டுக் கொண்டு வருவார்.

இதில் ஜோசியக் கணக்கு வேண்டாம், பள்ளிக்கூடத்துக் கணக்கே போதும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகின்ற கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடுகின்றது. யார் கூப்பிடுகிறார் என்று பார்க்க நாலு விநாடி குனிந்தால் வண்டி 88 மீட்டர் ஓடிவிடும். அதாவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டுவதற்குச் சமம். கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறேன் என்று ஒருவன் சொன்னால் அந்த வண்டியில் யாராவது ஏறுவார்களா? போன் பேசிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் விபத்துக்குள்ளாவது மற்றவர்களைவிடச் சுமார் நாலு மடங்கு அதிகம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. "நான் கையில் எடுப்பதில்லை, காதில் மாட்டிக்கொண்டுதான் பேசுகிறேன்" என்று சாமர்த்தியம் பேசுகிறவர்களும் இருக்கின்றார்கள். கை ஸ்டீயரிங்கில்தான் இருக்கின்றது, வாஸ்தவம். மனம் எங்கே இருக்கின்றது? பத்திரப் பதிவைப் பற்றியோ பெண் பார்த்ததைப் பற்றியோ பேசுகின்ற மனம், எதிரே நிற்கின்ற டிராக்டரைக் கண் பார்த்தும் பார்க்காமல் விட்டுவிடும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுவதை ஆபத்தான ஓட்டம் என்றே சேர்த்து, முதல் குற்றத்துக்கே ஆயிரம் முதல் அய்யாயிரம் ரூபாய் வரை அபராதமோ சிறையோ விதித்திருக்கின்றது. போலீஸ்காரர் நிற்கும் இடத்தில் மட்டும் போனை மடியில் ஒளித்துக் கொள்வதற்காக அந்தச் சட்டம் செய்யப்படவில்லை.

இனி கழுத்துக்கு வருவோம். மனிதன் தலை அய்ந்து கிலோ கனம் இருக்கும். அதைத் தாங்குவது மெல்லிய கழுத்து. நின்று கொண்டிருக்கின்ற அல்லது மெதுவாய்ப் போகின்ற காரின் பின்னால், போனைப் பார்த்துக்கொண்டு வருகிறவன் மோதுகின்றான் என்று வைத்துக் கொள்ளுங்கள். சுங்கச் சாவடி வரிசையில் நடப்பது பெரும்பாலும் இதுதான். மோதினவுடன் சீட்டு உடம்பை முன்னால் தள்ளுகின்றது. தலை மட்டும் இருந்த இடத்திலேயே பின்தங்கிப் பின்பக்கம் வளைகின்றது. அடுத்த கணம் முன்பக்கம் வீசப்படுகின்றது. சாட்டையைச் சொடுக்கினால் நுனி எப்படித் துடிக்குமோ அப்படி. டாக்டர்களும் இதற்கு "விப்லாஷ்", அதாவது சாட்டையடி என்றே பெயர் வைத்திருக்கின்றார்கள். தசையும் நரம்பும் கிழியலாம், வலி அன்றைக்குத் தெரியாமல் மறுநாள் தெரியலாம், மாதக்கணக்கில் நீடிக்கவும் செய்யலாம். மோதல் பலமாக இருந்து எலும்பே விலகி, உள்ளே போகின்ற தண்டுவடம் நசுங்கினாலோ, கையும் காலும் மரத்துப் போகும். மேற்பகுதியில் நசுங்கினால் மூச்சே நின்று போகும்.

இந்தச் சாட்டையடியைத் தடுக்கத்தான் சீட்டின் மேலே ஹெட் ரெஸ்ட் என்று ஒன்று இருக்கின்றது. நம்மவர்கள் அதைத் தூங்குவதற்கு வைத்த தலையணை என்று நினைத்துக் கொண்டு, கீழே அமுக்கி விடுகின்றார்கள், அல்லது இடைஞ்சல் என்று கழற்றி வீட்டுப் பரணில் போடுகின்றார்கள். அதன் உச்சி தலையின் உச்சி மட்டத்துக்கு இருக்க வேண்டும். தலைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். அமுக்கி வைத்தால் அது கழுத்துக்குக் கீழே நின்று, தலையைப் பின்னால் மடக்கிப் போடத்தான் உதவும். அமெரிக்காவில் 1969 முதல் புதுக் கார்களின் முன் சீட்டுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. நம் காரில் இருப்பதை ஒரு சாண் மேலே இழுத்து விட எந்த ஹோமமும் வேண்டியதில்லை.

பெல்ட்டும் அப்படித்தான். தோளுக்கும் இடுப்புக்குமாகச் சேர்த்துப் போடுகின்ற பெல்ட்டை 1959-இல் சுவீடன் தேசத்து வால்வோ கம்பெனி எஞ்சினியர் நில்ஸ் போலின் அமைத்தார். அந்தக் கம்பெனி அதை மற்றக் கம்பெனிகளும் உபயோகிக்கும்படி விட்டுவிட்டது. போலின் என்ன ஜாதி, என்ன மதம் என்று பெல்ட் கேட்பதில்லை, போட்டவரையெல்லாம் பிடித்துக் கொள்ளுகின்றது. ஆனால் பின் சீட்டில் உட்காருகிறவர்களுக்கு அது தேவையில்லை என்று ஒரு எண்ணம் நம் நாட்டில் எப்படியோ பரவியிருக்கின்றது. 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் பால்கர் ஜில்லாவில் ஒரு விலையுயர்ந்த கார் பாலத்துச் சுவரில் மோதிற்று. பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த, டாட்டா சன்ஸ் கம்பெனியின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரியும் மற்றொருவரும் இறந்தார்கள். முன் சீட்டிலிருந்த இருவரும் பிழைத்தார்கள். கோடீஸ்வரருக்கு நல்ல ஜோசியன் கிடைக்காமலா போயிருப்பான்? பெல்ட் போட்டால் பிழைப்பதும் போடாவிட்டால் சாவதும் அதிகம் என்றால், விதி ஒரு முழம் பட்டைக்குப் பயப்படுகின்றது என்றா அர்த்தம்?

"நாம் ஒழுங்காய்ப் போனாலும் எதிரே வருகிறவன் வந்து மோதுகின்றானே, அது விதியில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது அவனுடைய கவனக்குறைவு, வேறொன்றுமில்லை. விதிதான் என்று நிஜமாகவே நம்புகிறவர் பிறகு எதற்காக வக்கீல் வைத்து நஷ்டஈட்டு வழக்குப் போடுகின்றார்? விதியின் பேரில் அல்லவா போட வேண்டும்! 2022-ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் 1,68,491 பேர் ரோட்டு விபத்துகளில் செத்தார்கள். தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், எண்ணிக்கையில் எல்லா மாகாணங்களையும்விட அதிகம். மாண்டவர்கள் 17,884 பேர். கோவில் இல்லாத ஊரா இது? பூஜை போடாத வண்டியா ஓடுகின்றது?

அடிபட்ட பிறகு நாம் செய்கின்ற காரியம் அதைவிடப் பயங்கரமானது. நாலு பேர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்து, தலை தொங்கத் தொங்கத் தூக்கி, உட்கார வைத்து, வாயில் சோடா ஊற்றுகின்றார்கள். கழுத்தெலும்பு விலகியிருந்தால் அந்த ஒரு இழுப்பே போதும், எழுந்து நடக்க வேண்டியவனைப் படுக்கையில் போட. வண்டி தீப்பிடித்தாலோ, மூச்சு நின்றாலோ தவிர அவரை அசைக்கக் கூடாது. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையை இருந்தபடியே இரண்டு கையாலும் பிடித்துக் கொள்ள வேண்டும். மற்றொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். செல்போனுக்கு ரோட்டில் நல்ல உபயோகம் அந்த இடத்தில்தான். "சாட்சிக்கு இழுப்பார்களே" என்று ஒதுங்கத் தேவையில்லை. உதவி செய்கிறவரை நிர்ப்பந்தப்படுத்தக் கூடாதென்று 2019 சட்டத் திருத்தமே சொல்லுகின்றது. அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை இலவசமாகத் தருகின்ற திட்டத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2021 டிசம்பரில் தொடங்கிற்று.

சின்ன மோதல்தான், ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு வந்து, மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாதவர் என்ன செய்கின்றார்? இரட்டைப் பிள்ளையாய்ப் பிறந்தவரைத் தேடிப் போய்ச் சுளுக்கு வழிக்கச் சொல்லுகின்றார். அல்லது முடிவெட்டும் கடையில் கழுத்தை ஒரு நெட்டு முறித்துவிடச் சொல்லுகின்றார். உள்ளே கீறல் விட்டிருக்கின்ற எலும்பை இப்படித் திருகினால் என்னவாகும்? கை விரல் மரத்தாலோ, தலைவலி அதிகமானாலோ, கால் தள்ளாடினாலோ பெரம்பலூர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

முதுகெலும்பும் கழுத்தும் போனவர்கள் கதி அதோகதிதான் என்றும் நாம் சொல்லவில்லை. 1954-இல் மோட்டார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்த வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு அமெரிக்கா போய்ப் படித்து வந்தார். அவருடைய முயற்சியால் வேலூரில் 1966-இல் இத்தகையவர்களுக்கென்றே மறுவாழ்வு நிலையம் ஏற்பட்டது. கல்லூரியில் படிக்கும்போது 1975-இல் கழுத்தில் அடிபட்டு உடம்பு செயலிழந்த இராமகிருஷ்ணன், 1981-இல் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பூர்வஜென்ம பாவம் என்று மூலையில் போட்டு வைக்காமல், வைத்தியமும் பயிற்சியும் கொடுத்தால் மனிதன் என்ன செய்ய முடியும் என்பதற்கு இவர்கள் இருவரும் போதும்.

ஆகவே பூலாம்பாடித் தோழர்களுக்கு நாம் சொல்லிக் கொள்வது இதுதான். அடுத்த தடவை திருச்சிக்கு வண்டி கிளம்புகிறபோது எலுமிச்சம்பழத்தை வாங்குகிறவர்கள் அதைப் பிழிந்து டிரைவருக்கும் பிரயாணிகளுக்கும் கொடுத்து விடுங்கள். டிரைவரின் போனை வாங்கி, ஓட்டாத ஒருவர் கையில் கொடுங்கள். பின் சீட்டுக்காரர்களும் பெல்ட் போடட்டும். ஹெட் ரெஸ்டை மேலே இழுத்து விடுங்கள். வீட்டிலிருக்கிறவர்கள் கிளம்பின நேரத்தைக் கேட்டுக் கொண்டு சும்மா இருங்கள். பிள்ளையின் குரலைக் கேட்காமல் இருக்க முடியவில்லை என்றால், பாடாலூரில் வண்டியை நிறுத்தி டீ குடிக்கும்போது பேசச் சொல்லுங்கள். டிரைவருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள், இரவு முழுவதும் கண் விழிப்பவர் அவர்தான்.