அசையாதே... போட்டோ!

ஓர் உத்தியோகத்தில் எத்தனை வருஷம்தான் ஒருத்தர் உட்கார்ந்திருக்க முடியும்? அறுபது வயசானால் ஒரு ரோஜா மாலை, ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். நேரம் பார்க்கவேண்டிய அவசியமே இல்லாதபோது கடிகாரம் கொடுக்கிற வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ!

மெக்ஸிகோவில் ஒரு பெரியவருக்கு அந்தக் கடிகாரம் கடைசிவரை கிடைக்கவேயில்லை. பெயர் ஃபிடல் வெலாஸ்கெஸ். (காஸ்ட்ரோ இல்லை ஸார், இவர் வேற ஃபிடல்!) வாலிபத்தில் பால்காரர். பால் தொழிலாளர்களுக்கு ஒரு சங்கம் வைத்தார். 1941-ல் ஸி.டி.எம். என்கிற நாட்டின் மிகப்பெரிய தொழிற்சங்க சம்மேளனத்துக்குத் தலைவரானார். நடுவில் ஒரு மூணு வருஷம் தவிர, 1997-ல் 97 வயசில் சாகும்வரை ஸீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. அங்கே ஜனாதிபதிக்கு ஆறே வருஷம்தான், ஒரே ஒரு தடவைதான். இவர் கண்ணெதிரே பத்து ஜனாதிபதிகள் நாற்காலியில் இருந்தார்கள்!

என்ன ரகசியம்? 'அசைகிறவன் போட்டோவில் விழமாட்டான்' என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அவர் அசையவில்லை. அவருக்குக் கீழே இருந்த லட்சக்கணக்கான தொழிலாளிகளையும் அசையவிடவில்லை.

இத்தனைக்கும் மெக்ஸிகோ தொழிலாளி பரம சாது ஒன்றும் இல்லை. 1906-ல் கனானெயா என்கிற ஊரில் அமெரிக்க முதலாளியின் செம்புச் சுரங்கம். அமெரிக்கனுக்கு ஒரு கூலி, உள்ளூர்க்காரனுக்கு அதைவிடக் கம்மி. சொந்த மண்ணிலேயே இரண்டாம்பட்சமா என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கி பேசியது. எல்லை தாண்டி அரிஸோனாவிலிருந்துகூட ஆயுதம் தாங்கிய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பலர் செத்தார்கள்.

அப்புறம் புரட்சி வந்தது. 1917-ல் புது அரசியல் சட்டம். அதில் 123-வது பிரிவைப் படித்தால் நமக்கே பொறாமையாக இருக்கும். எட்டு மணி நேர வேலை, வாரம் ஒருநாள் லீவு, குறைந்தபட்சக் கூலி, லாபத்தில் பங்கு, வேலைநிறுத்த உரிமை. எந்த நாட்டுக்காரனானாலும், ஆணானாலும் பெண்ணானாலும் ஒரே வேலைக்கு ஒரே கூலி! கனானெயாவில் சிந்திய ரத்தத்துக்குப் பதினோரு வருஷம் கழித்து எழுத்தில் பதில் கிடைத்தது.

1938 மார்ச்சில் இன்னொரு அதிசயம். எண்ணெய்த் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டார்கள். 'கொடு' என்றது சுப்ரீம் கோர்ட். 'முடியாது' என்றன அந்நிய கம்பெனிகள். லாஸரோ கார்டெனாஸ் என்ற ஜனாதிபதி, 'அப்படியானால் கிளம்புங்கள்' என்று மார்ச் 18-ந் தேதி எண்ணெய்க் கிணறுகளை தேசிய உடைமை ஆக்கிவிட்டார். நஷ்டஈடு கட்ட ஜனங்கள் க்யூவில் நின்று நகையைக் கொடுத்தார்கள். இல்லாதவர்கள் கோழியைக் கொடுத்தார்கள்!

விசில் அடிக்கத் தோன்றுகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். அதே மார்ச் மாசக் கடைசியில் ஆளுங்கட்சியைத் திருத்தி அமைத்தார்கள். ஸி.டி.எம். அந்தக் கட்சியின் ஓர் அங்கமாகிவிட்டது. சங்கத்தில் இருந்தால் கட்சியிலும் நீ மெம்பர். உன்னைக் கேட்டார்களா? கேட்கவில்லை!

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் நடுவில் கோடு போட்டு வரவு, செலவு எழுதுகிற வியாதி உண்டு.

வரவு: 1943-ல் சமூகப் பாதுகாப்புத் திட்டம், ஆஸ்பத்திரி, பென்ஷன். 1972-ல் வீட்டு வசதி நிதி. தலைவர்களுக்கு எம்.பி., செனட்டர் பதவிகள்.

செலவு: தொழிலாளியின் ஓட்டு.

எப்படி என்கிறீர்களா? சங்கத்துக்கு யார் தலைவர் என்பதை சர்க்கார் ஒப்புக்கொண்டால்தான் அவர் தலைவர். வேலைநிறுத்தம் செல்லுமா, செல்லாதா என்று அப்போது சொன்னதும் சர்க்கார் அமைத்த போர்டுதான். சங்கம் ஒருத்தரை நீக்கினால் கம்பெனியும் வேலையைவிட்டு நீக்கியாகவேண்டும் என்று ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து வேறு. 'தலைவரே, கணக்கு...' என்று கேட்டால், மாசக் கடைசியில் வீட்டுக்குத்தான் கணக்குச் சொல்லவேண்டி வரும்! (இந்த ஷரத்து செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 2001-ல்தான்.)

1948-ல் ரயில்வே சங்கத்தை ஒருத்தர் சர்க்கார் தயவில் கைப்பற்றினார். குதிரைவீரர் உடுப்பில் அவருக்கு ஆசை அதிகம். அந்த உடுப்புக்காரனை 'சார்ரோ' என்பார்கள். அன்றிலிருந்து விலைபோன சங்கத் தலைவருக்கெல்லாம் அங்கே அதுதான் பட்டப்பெயர். பத்து வருஷம் கழித்து அதே ரயில்வேயில் டெமெட்ரியோ வயெஹோ என்பவரைத் தொழிலாளிகள் அமோகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அசைந்தார். 1959-ல் வேலைநிறுத்தம். ராணுவம் வந்தது. வயெஹோ பதினோரு வருஷம் ஜெயிலில்.

இதைவிடக் கூத்து, 'பாதுகாப்பு ஒப்பந்தம்'. யாருக்குப் பாதுகாப்பு? முதலாளிக்கு! தொழிற்சாலைக்குக் கூரை போடுவதற்கு முன்பே ஒரு சங்கத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடும். அப்புறம்தான் ஆள் எடுப்பார்கள். தனக்கு ஒரு சங்கம் இருப்பதே தொழிலாளிக்குத் தெரியாது. சந்தா பிடித்தம் மட்டும் கரெக்டாக நடக்கும். பொண்ணுக்குத் தெரியாமலே கல்யாணம், வரதட்சணை மட்டும் தவணையில்!

மே தினத்தன்று ஜனாதிபதி மாளிகை பால்கனியில் நிற்பார். கீழே தொழிலாளிகள் நன்றி சொல்கிற பேனரோடு ஊர்வலம் போவார்கள். 1994 டிசம்பரில் பெஸோ விழுந்தது. விலைவாசி ஏறியது. 1995 மே தினத்துக்கு ஃபிடல் ஊர்வலத்தையே ரத்து செய்துவிட்டார். நன்றி சொல்ல வந்தவர்கள் வேறு ஏதாவது சொல்லிவிட்டால்? ஆனாலும் ஜனங்கள் தாங்களாகவே தெருவுக்கு வந்தார்கள்.

2019-ல்தான் சட்டம் மாறியது. தலைவரையும் ஒப்பந்தத்தையும் தொழிலாளியே ரகசிய ஓட்டுப் போட்டு முடிவு செய்யவேண்டும். அமெரிக்காவும் கனடாவும் வர்த்தக ஒப்பந்தத்தில் இதையே வலியுறுத்தின. பாசத்தில் இல்லை. மெக்ஸிகோ கூலி மலிவாக இருந்தால் தங்கள் ஊர் வேலை பறிபோகுமே என்ற கவலை!

சிலாவ் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் லாரித் தொழிற்சாலை. ஸி.டி.எம். சங்கத்தின் ஒப்பந்தம் வேண்டுமா, வேண்டாமா என்று 2021 ஏப்ரலில் ஓட்டெடுப்பு. ஓட்டுச்சீட்டுகள் நாசமாக்கப்பட்டதாகத் தெரிந்ததும் சர்க்கார் நிறுத்தியது. ஆகஸ்டில் மறுபடி ஓட்டு. 'வேண்டாம்' என்றார்கள். 2022 பிப்ரவரியில் தொழிலாளிகளே ஆரம்பித்த புதுச் சங்கம் முக்கால்வாசி ஓட்டுக்கு மேல் வாங்கி ஜெயித்தது. மே மாசம் எட்டரை சதவிகிதம் சம்பள உயர்வு.

சர்க்கார் கொடுத்த எட்டு மணி நேரமும் பென்ஷனும் நிஜமான லாபம்தான். ஆனால் அதைக் கேட்டு வாங்குகிற உரிமையை அடமானம் வைத்துவிட்டு அதை மீட்க எண்பது வருஷம் ஆனது. வட்டி ரொம்ப அதிகம் ஸார்.

உங்கள் பே-ஸ்லிப்பில் 'சந்தா' என்று ஒரு பிடித்தம் இருக்கிறதா? அடுத்த தடவை பார்க்கும்போது தொகையைப் பார்க்காதீர்கள். அந்தச் சங்கத்துக்குக் கடைசியாக எப்போது ஓட்டுப் போட்டோம் என்று யோசித்துப் பாருங்கள்.